இமயப் பனியாறுகளும் மாறும் காலநிலையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பனியாறுகள், மலைப்பனி, காலநிலை ஆகிய மூன்றும் ஒன்றையொன்று எவ்வாறு பாதிக்கின்றன என்பது பற்றி மாணவர்களும் ஆசிரியர்களும் பொதுவாசகர்களும் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்பட்டுள்ளது. உலகின் பிற பகுதிகள் தேவையான இடங்களில் மட்டும் வருகின்றன. பேச்சு முதன்மையாக இமயமலையைப் பற்றியது.

மலையில் பெய்து கிடக்கும் பனியெல்லாம் பனியாறு ஆகுமா?

ஆகாது. குளிர்காலத்தில் பெய்த வெண்பனி அடுத்த கோடைக்குள் முழுவதும் உருகிவிட்டால் அது பருவப்பனி மட்டுமே. மிக உயரமான இடங்களில் அதன் ஒரு பகுதி கோடையையும் தாண்டி எஞ்சுகிறது. அதன்மேல் அடுத்த ஆண்டின் பனி விழுகிறது. இப்படியே பல ஆண்டுகள் அடுக்கு சேர்கிறது. புதிதாக விழுந்த வெண்பனியில் பெரும்பகுதி காற்றுதான். ஒரு கன மீட்டர் பனி ஏறத்தாழ 100 கிலோகிராம் எடையே இருக்கும். மேலே சேரும் சுமையால் அந்தக் காற்று வெளியேறி, அடர்த்தி 830 கிலோகிராம் அளவைத் தாண்டும்போது, எஞ்சிய காற்று தனித்தனிக் குமிழிகளாக அடைபட்டுப் பனி கெட்டியான பனிக்கட்டியாகிவிடுகிறது. அந்தப் பனிக்கட்டி தன் எடையாலேயே சரிவில் மெல்ல நகரத் தொடங்கினால்தான் அது பனியாறு. மேலே சேர்வதைக் கீழே கொண்டுசெல்லும் இந்த நகர்வு இல்லையென்றால், எவ்வளவு பெரிய பனித்திட்டாக இருந்தாலும் அதைப் பனியாறு என்று சொல்ல இயலாது.

ஆராய்ச்சியாளர்கள் உண்மையில் எதை அளக்கிறார்கள்?

ஒரு பனியாறு ஓர் ஆண்டில் பெற்ற பனிக்கும் இழந்த பனிக்கும் உள்ள வேறுபாட்டை அளக்கிறார்கள். இதற்கு நிறைச்சமநிலை என்று பெயர். ஒரு குடும்பத்தின் வரவு செலவுக் கணக்கைப் போன்றதுதான் இது: மேற்பகுதியில் பொழியும் பனி வரவு, கீழ்ப்பகுதியில் உருகுவதும், ஆவியாவதும், உடைந்து ஏரியில் விழுவதும் செலவு. இரண்டும் சமமாகும் உயரத்தைச் சமநிலைக் கோடு என்கிறோம். வெப்பமான ஆண்டுகளில் இந்தக் கோடு மேலே ஏறிவிடுகிறது. வரவு சேரும் பரப்பு சுருங்கிச் செலவாகும் பரப்பு விரிகிறது.

இமாசலப் பிரதேசத்தின் லாஹௌல் பகுதியில், சந்திரா நதியின் படுகையில் இருக்கும் சோட்டா ஷிக்ரி பனியாற்றில் இந்தக் கணக்கு எப்படி எடுக்கப்படுகிறது என்பதைப் பார்த்தால் முறை விளங்கும். ஏறத்தாழ 9 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பனியாற்றின் கீழ்ப்பகுதியில், நீராவியால் துளையிடும் கருவியைக் கொண்டு பல மீட்டர் ஆழத்துக்குத் துளையிட்டு மூங்கில் கழிகளை நடுகிறார்கள். அடுத்த ஆண்டு செப்டம்பர் இறுதியில், கோடை உருகல் முடிந்து குளிர்காலப் பனி தொடங்கும் முன், ஒவ்வொரு கழியும் பனிக்கு மேலே எவ்வளவு நீண்டு நிற்கிறது என்று பார்க்கிறார்கள். சென்ற ஆண்டைவிட 3 மீட்டர் கூடுதலாக வெளியே தெரிந்தால், அந்த இடத்தில் 3 மீட்டர் பனிக்கட்டி போய்விட்டது என்று பொருள். 5,000 மீட்டருக்கும் மேலே, பனி சேரும் பகுதியில், குழி தோண்டியோ உருளை வடிவில் பனியைத் துளைத்தெடுத்தோ சென்ற கோடையின் அழுக்கடைந்த அடுக்கைத் தேடிக் கண்டுபிடித்து, அதற்கு மேலே உள்ள பனியின் தடிமனையும் அடர்த்தியையும் அளக்கிறார்கள். வெண்பனிக்கும் பனிக்கட்டிக்கும் அடர்த்தி வேறு என்பதால், இரண்டையும் உருகினால் எவ்வளவு நீராகும் என்ற ஒரே அளவுக்கு மாற்றிய பின்னரே கூட்டிக் கழிக்க முடியும்.

சோட்டா ஷிக்ரியில் 2002 முதல் ஆண்டுதோறும் இந்த அளவீடு நடக்கிறது. ஒரு சில ஆண்டுகளில் வரவு சற்றே மிகுந்திருந்தாலும், சராசரியாக ஆண்டுக்கு அரை மீட்டர் நீர் ஆழத்துக்குச் சமமான பனியை அது இழந்துவந்திருக்கிறது. இமயமலைப் பகுதியில் பல்லாயிரம் பனியாறுகள் இருக்க, இவ்வளவு நீண்ட, இடையறாத நேரடி அளவீடு உள்ளவை மிகச் சிலவே. சுவீடனின் ஸ்டோர்கிளேசியாரன் பனியாற்றில் 1940களின் நடுவிலிருந்தே இத்தகைய கணக்கு விடாமல் எடுக்கப்படுகிறது. நாம் இவ்வளவு தாமதமாகத் தொடங்கியது பெரிய இழப்பு என்றே சொல்லவேண்டும். கடந்துபோன ஓர் ஆண்டின் அளவீட்டை எவ்வளவு பணம் செலவிட்டாலும் பிறகு எடுக்க முடியாது.

கங்கோத்ரி பனியாற்றின் முகப்பு பின்வாங்குவதை அளந்தால் போதாதா?

முகப்பு என்பது பனியாறு முடிந்து ஆறு தொடங்கும் இடம். கங்கையின் தலையூற்றான பாகீரதி வெளிப்படும் கோமுகம் அப்படிப்பட்ட முகப்புதான். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த ஜே. பி. ஆடன் 1935ஆம் ஆண்டு அதை வரைபடமாக்கினார். அதன் பின்வாங்கலை அன்றிலிருந்து தொடர்ந்து மதிப்பிட முடிகிறது. எளிதில் தெரியக்கூடியது, நிழற்படத்தில் காட்டக்கூடியது என்பதால் செய்திகளில் பெரும்பாலும் இந்த எண்ணிக்கைதான் வருகிறது.

ஆனால் முகப்பை மட்டும் பார்த்துப் பனியாற்றின் நிலையைச் சொல்வது தவறான முடிவுக்கு இட்டுச்செல்லும். ஏறத்தாழ 30 கிலோமீட்டர் நீளமுள்ள கங்கோத்ரியைப் போன்ற பனியாற்றில், மேலே ஏற்படும் மாற்றம் நகர்ந்து நகர்ந்து முகப்பை எட்டப் பல பத்தாண்டுகள் ஆகும். ஆகவே இன்று முகப்பில் நாம் காண்பது, நெடுங்காலத்துக்கு முன்பு நிலவிய காலநிலைக்கு அந்தப் பனியாறு காட்டும் எதிர்வினையையும் உள்ளடக்கியது. மறுபுறம், கீழ்ப்பகுதி முழுவதும் கற்களால் மூடப்பட்ட பனியாறு, முகப்பு அசையாமல் நிற்கும்போதே தடிமனில் ஆண்டுதோறும் குறைந்துகொண்டிருக்கலாம். ‘இந்த ஆண்டு பின்வாங்கல் குறைந்துள்ளது’ என்ற செய்தியைப் படிக்கும்போது, தடிமன் எவ்வளவு குறைந்தது, நிறை எவ்வளவு குறைந்தது என்ற கேள்வியை உடனே கேட்பதுதான் முறை.

செயற்கைக்கோள்கள் இருக்கும்போது மலையேறி அளப்பது எதற்காக?

செயற்கைக்கோள்கள் செய்திருக்கும் பணி மிகப் பெரியது. பனிப்போர்க் காலத்தில் அமெரிக்கா உளவுக்காக ஏவிய செயற்கைக்கோள்களின் படங்கள் பின்னாளில் பொதுவில் வெளியிடப்பட்டன. அந்தப் பழைய படங்களிலிருந்து 1975ஆம் ஆண்டு வாக்கில் இமயப் பனிப்பரப்பு எவ்வளவு உயரத்தில் இருந்தது என்று கணித்து, பிற்காலப் படங்களோடு ஒப்பிட்ட ஆய்வு 2019இல் வெளியானது. ஏறத்தாழ 2,000 கிலோமீட்டர் நீளத்தில் பரவியுள்ள 650 பனியாறுகளை ஆராய்ந்த அந்த ஆய்வு, 1975 முதல் 2000 வரை இருந்த இழப்பு வேகம் 2000க்குப் பிறகு இரு மடங்காகிவிட்டது என்று காட்டியது. 2018 முதல் இயங்கும் ஐஸ்சாட்-2 லேசர் கதிரால் பனியின் உயரத்தை அளக்கிறது. 2002இல் ஏவப்பட்ட கிரேஸ் இரட்டைக் கோள்கள் புவியீர்ப்பில் ஏற்படும் நுண்ணிய மாற்றத்தைக்கொண்டு பனியின் நிறை குறைவதையே நேரடியாக உணர்ந்தன.

இருந்தும், வானிலிருந்து பார்க்கும் கருவி பெரும்பாலும் உயரத்தையே அளக்கிறது. மேற்பரப்பு ஒரு மீட்டர் தாழ்ந்தது என்றால், இழந்தது கெட்டியான பனிக்கட்டியா, பாதி காற்று நிறைந்த பழம்பனியா என்று தெரியாமல் அதை நீராக மாற்ற முடியாது. அந்த அடர்த்தியைக் குழி தோண்டித்தான் அறியவேண்டும். மேலும், பல ஆண்டு இடைவெளியில் எடுத்த இரு படங்கள் மொத்த இழப்பைச் சொல்லுமே தவிர, எந்த ஆண்டில், எந்தப் பருவத்தில், எந்தக் காரணத்தால் அது நேர்ந்தது என்பதைச் சொல்லமாட்டா. காரணத்தை அறிய, பனியின்மீதே வானிலை நிலையம் வேண்டும். அதைப் பழுதுபார்க்க மனிதர் செல்லவேண்டும். தேசிய துருவ மற்றும் பெருங்கடல் ஆராய்ச்சி மையம் 2016இல் ஸ்பிதியில், 4,000 மீட்டருக்கும் மேலே, ஹிமான்ஷ் என்ற ஆய்வு நிலையத்தை அமைத்தது இதற்காகத்தான்.

வெப்பநிலை உயர்வு ஒன்றுதான் உருகலுக்குக் காரணமா?

அடிப்படைக் காரணம் அதுவே. ஆனால் அது வேலைசெய்யும் வழிகள் பல. உருகுவதற்கான ஆற்றலின் பெரும்பகுதி சூரிய ஒளியிலிருந்துதான் வருகிறது. புது வெண்பனி தன்மேல் விழும் ஒளியில் 80 விழுக்காட்டுக்கும் மேல் திருப்பி அனுப்பிவிடுகிறது. வெறும் பனிக்கட்டி திருப்பி அனுப்புவது 20 முதல் 40 விழுக்காடு மட்டுமே. ஆகவே பனியாற்றின்மேல் வெண்பனிப் போர்வை இருக்கும்வரை அடியிலுள்ள பனிக்கட்டி தப்பித்திருக்கும். அந்தப் போர்வை சில வாரங்கள் முன்னதாக விலகினால், கோடை வெயில் கருத்த பனிக்கட்டியின்மேல் நேரடியாக விழுந்து இழப்பு பெருகிவிடும்.

இமயமலையில் இது மேலும் சிக்கலானது. மேற்கு இமயத்துக்கும் அதன் வடமேற்கிலுள்ள காரகோர மலைத்தொடருக்கும் பெரும்பாலான பனி, குளிர்காலத்தில் மத்தியத்தரைக்கடல் பக்கமிருந்து வரும், மேற்கத்திய இடையூறுகள் எனப்படும் புயல் அமைப்புகளால் கிடைக்கிறது. நேபாளத்திலும் சிக்கிமிலும் நிலைமை வேறு. அங்கே பனியாறுகளுக்கு வரவும் செலவும் ஒரே பருவத்தில், கோடைப் பருவமழைக் காலத்தில் நிகழ்கின்றன. அந்தப் பருவத்தில் காற்றின் வெப்பம் ஒரு டிகிரி கூடினால் உருகல் கூடுவதோடு நிற்பதில்லை. பனியாக விழவேண்டியது மழையாக விழுகிறது. வரவு குறைகிறது, புதுப்பனி தரும் வெண்மையும் இல்லாமற்போகிறது, ஒளி அதிகம் உறிஞ்சப்பட்டு உருகல் மேலும் கூடுகிறது. ஒரே டிகிரி உயர்வு மூன்று வழிகளில் தாக்குவதால்தான் கிழக்கு இமயப் பனியாறுகள் வெப்பத்துக்கு மிகவும் எளிதில் ஆட்படுகின்றன.

சிந்து-கங்கைச் சமவெளியில் டீசல் வண்டிகளும் செங்கல் சூளைகளும் விறகடுப்புகளும் வெளியிடும் கரித்துகள் மலையேறிப் பனியின்மேல் படிவதும் ஒரு காரணம். அது பனியின் நிறத்தைக் கறுக்கவைத்து உருகலை விரைவுபடுத்துகிறது. கரிவளியை, அதாவது கார்பன் டை ஆக்சைடைப் போலன்றி இந்தத் துகள் காற்றில் சில நாட்கள் முதல் வாரங்கள் வரையே தங்கும். ஆகையால் இதைக் குறைத்தால் பலன் விரைவில் தெரியும்.

கற்களும் மண்ணும் மூடிய பனியாறு உருகாதா?

மண் மிக மெல்லியதாக, ஓரிரு சென்டிமீட்டருக்குள் இருந்தால் வெயிலை உறிஞ்சி உருகலைக் கூட்டும். அதைவிடத் தடித்துவிட்டால் வெப்பம் கீழே செல்வதைத் தடுத்து உருகலைக் குறைக்கும். இருப்பினும், மண் மூடிய பனியாறுகள் எதிர்பார்த்ததைவிட அதிகமாகவே மெலிந்துள்ளன என்று செயற்கைக்கோள் அளவீடுகள் காட்டுகின்றன. மேற்பரப்பில் ஆங்காங்கே திறந்து நிற்கும் பனிச்சுவர்களும், சிறு குளங்களும் வெப்பத்தை உள்வாங்கி உருகலைக் கூட்டுவது இதற்கு ஒரு காரணம். மேலிருந்து வந்துசேரும் பனி குறைந்துபோனது மற்றொன்று.

காரகோரத்தில் பனியாறுகள் வளர்கின்றன என்கிறார்களே?

ஒரு காலத்துக்கு அது பெருமளவு உண்மை. கனடிய ஆய்வாளர் கென்னத் ஹூவிட் 2005இல் இதைக் கவனப்படுத்தினார். 2000க்குப் பிந்தைய ஆண்டுகளில் காரகோரப் பனியாறுகள் பல ஏறத்தாழச் சமநிலையில் இருந்தன, சில சற்றே வளர்ந்தன. குளிர்காலப் பனியின் மிகுதியும் குளிர்ந்த கோடைகளும் இதற்குக் காரணங்களாகக் கருதப்படுகின்றன. ஆனால் அண்மை ஆண்டுகளின் அளவீடுகள் அந்த விதிவிலக்கும் முடிவுக்கு வருவதைக் காட்டுகின்றன. இதைக்கொண்டு உலகம் வெப்பமடையவில்லை என்று வாதிடுவதற்கு எந்த அடிப்படையும் இல்லை.

2035க்குள் இமயப் பனியாறுகள் மறைந்துவிடும் என்ற கணிப்பு என்ன ஆயிற்று?

அது பிழையான கூற்று. காலநிலை மாற்றத்துக்கான அரசுகளுக்கிடையிலான குழு 2007இல் வெளியிட்ட அறிக்கையின் ஒரு பத்தியில், சகத்துறையினர் சரிபார்க்காத மூலத்திலிருந்து அந்த ஆண்டு எடுத்தாளப்பட்டிருந்தது. பனியாற்று ஆய்வாளர்களே அதைச் சுட்டிக்காட்டினார்கள். 2010 ஜனவரியில் குழு தவற்றை ஒப்புக்கொண்டது. நூற்றுக்கணக்கான மீட்டர் தடிமனுள்ள பனி, ஆண்டுக்கு ஒரு மீட்டர் குறைந்தாலும் முப்பது ஆண்டுகளில் மறையாது என்பதை எளிய கணக்கே காட்டிவிடும்.

இன்றைய மதிப்பீடுகள் அதைவிட மிதமானவை, ஆனால் ஆறுதல் தருபவை அல்ல. காத்மாண்டுவில் உள்ள ஒருங்கிணைந்த மலை மேம்பாட்டுக்கான பன்னாட்டு மையம் 2019இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, உலக வெப்ப உயர்வு 1.5 டிகிரியில் நிறுத்தப்பட்டாலும், இந்துகுஷ்-இமயப் பகுதி இந்நூற்றாண்டின் இறுதிக்குள் தன் பனியில் மூன்றில் ஒரு பங்கை இழக்கும்; கரிவளி வெளியேற்றம் குறையாவிட்டால் மூன்றில் இரு பங்கு போய்விடும். இதே மையத்தின் 2023 அறிக்கை, 2011-2020 காலத்தின் இழப்பு வேகம் அதற்கு முந்தைய பத்தாண்டைவிட 65 விழுக்காடு கூடியிருப்பதைப் பதிவுசெய்தது. ஒரு தவறான ஆண்டைச் சொல்லி அச்சுறுத்துவதைவிட இந்த எண்களைத் திருத்தமாகச் சொல்வதே கவலைப்படுவதற்குப் போதுமான காரணத்தைத் தருகிறது.

பனியாறுகள் சுருங்கினால் கங்கை வற்றிவிடுமா?

வற்றாது. கங்கையின் நீரில் பெரும்பங்கு பருவமழையிலிருந்து வருகிறது. சிந்துவின் நிலை அப்படியன்று. அதன் மேற்படுகை வறண்டது, அங்கே ஆற்றின் ஓட்டம் பருவப்பனியையும் பனியாற்று உருகலையும் பெரிதும் சார்ந்திருக்கிறது. கங்கைக்கும்கூட ஆண்டு மொத்தத்தைப் பார்ப்பது போதாது. மழை தொடங்காத ஏப்ரல், மே, ஜூன் மாதங்களில் மலையடிவாரத்துக்கு உருகுநீர் மிக முக்கியம். பனியாறு சுருங்கும் தொடக்கக் கட்டத்தில் ஆற்றில் நீர் கூடுகிறது. பிறகு ஓர் உச்சத்தைத் தொட்டு, உருகப் பனியில்லாமல் குறைகிறது. இமயத்தின் பெரும்பாலான படுகைகளில் அந்த உச்சம் இந்நூற்றாண்டின் நடுப்பகுதி வாக்கில் வரும் என்று கணிக்கப்படுகிறது. இப்போது நீர் கூடியிருப்பதை நம்பி அணைகளையும் பாசனத்தையும் திட்டமிடுவது ஆபத்தானது. காவிரியும் வைகையும் தாமிரபரணியும் முற்றிலும் மழையால் ஓடுபவை. அவற்றுக்கு உருகுநீர் என்பதே இல்லை.

அப்படியானால் இமயத்தின் பனிக்கும் தென்னாட்டுக்கும் தொடர்பே இல்லையா?

உண்டு, அது பருவமழை வழியாக வருகிறது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை அழித்த தாது வருடப் பஞ்சத்துக்குப் பின், பருவமழையை முன்கூட்டியே சொல்லவேண்டும் என்ற கட்டாயம் அரசுக்கு ஏற்பட்டது. அப்போது இந்திய வானிலைத் துறையின் தலைவராக இருந்த ஹென்றி பிளான்ஃபோர்ட், இமயத்தில் பனி மிகுதியாகப் பெய்த ஆண்டுகளுக்குப் பின் சமவெளிகளில் மழை பொய்த்திருப்பதைக் கவனித்து, 1884இல் அதை ஆய்வுரையாக வெளியிட்டார். வசந்தகாலத்தில் பனி மிகுந்து கிடந்தால், சூரிய ஆற்றலில் ஒரு பகுதி திருப்பி அனுப்பப்படுகிறது, மற்றொரு பகுதி உருக்குவதிலும் ஈரத்தை ஆவியாக்குவதிலும் செலவாகிறது. நிலம் சூடேறத் தாமதமாகிறது. நிலத்துக்கும் கடலுக்கும் இடையிலான வெப்ப வேறுபாடு குறைந்து தென்மேற்குப் பருவக்காற்று வலுவிழக்கிறது. உலகின் முதல் நீண்டகால வானிலை முன்னறிவிப்புகளில் ஒன்று இந்தக் கருத்தின்மேல்தான் எழுந்தது. தென்மேற்குப் பருவமழை குடகிலும் வயநாட்டிலும் எவ்வளவு பெய்கிறது என்பதைப் பொறுத்தே மேட்டூர் அணை நிரம்புகிறது என்பதால், இது காவிரிப் பாசனத்தோடும் தொடர்புடைய செய்தி.

பின்னர் 1970களில் செயற்கைக்கோள் படங்கள் வந்தபோது, இமயம் மட்டுமன்றி யூரேசியா முழுவதன் பனிப்பரப்புக்கும் இந்தியப் பருவமழைக்கும் இத்தகைய எதிர்த்தொடர்பு இருப்பது தெரிந்தது. ஆனால் அந்தத் தொடர்பு எல்லாக் காலத்திலும் ஒரே வலுவில் இருப்பதில்லை. எல் நினோ (பசிபிக் பெருங்கடல் வழக்கத்தைவிடச் சூடேறும் நிகழ்வு) முதலிய பிற காரணிகள் அதை மறைத்துவிடுவதும் உண்டு. வெப்பமடையும் உலகில் பனிப்பரப்பும் கடலின் வெப்பமும் சேர்ந்தே மாறிக்கொண்டிருப்பதால், பழைய தொடர்பை அப்படியே எதிர்காலத்துக்கு நீட்டிப்பது சரியாகாது.

இரண்டாவது தொடர்பு கடல்மட்டம். நிலத்தின்மேலுள்ள பனி ஏறத்தாழ 36,000 கோடி டன் உருகிக் கடலில் சேர்ந்தால் உலகக் கடல்மட்டம் ஒரு மில்லிமீட்டர் உயரும். கிரீன்லாந்து, அண்டார்க்டிகா ஆகியவற்றின் பெரும் பனிவிரிப்புகளைத் தவிர்த்த பிற பனியாறுகள் மட்டுமே 2000 முதல் 2019 வரை ஆண்டுக்குச் சராசரியாக 26,700 கோடி டன் இழந்திருக்கின்றன. கிரீன்லாந்தின் பெரும் பனித்திரள் தன் ஈர்ப்பால் சுற்றியுள்ள கடல்நீரைத் தன்னை நோக்கி இழுத்துவைத்திருக்கிறது. அது சுருங்கும்போது அந்த நீர் விடுபட்டுத் தொலைவிலுள்ள வெப்பமண்டலக் கடல்களுக்குச் செல்கிறது. அதனால் கிரீன்லாந்தில் உருகும் பனி, கிரீன்லாந்துக் கரையைவிட நாகப்பட்டினம் கரையில் கடலை அதிகம் உயர்த்தும்.

கேதார்நாத், சமோலி, சிக்கிம் பேரழிவுகள் மூன்றும் ஒரே வகையானவையா?

அல்ல, மூன்றையும் ‘பனியாறு வெடித்தது’ என்று ஒரே சொல்லால் எழுதுவது பெரும் குழப்பத்தை விளைவிக்கிறது. 2013 ஜூனில் கேதார்நாத்தில், கடும் மழையாலும் உருகுபனியாலும் நிரம்பிய சோராபாரி ஏரியின் கரை உடைந்தது. 2021 பிப்ரவரி 7 அன்று சமோலியில் ஏரி எதுவும் உடையவில்லை. ரோண்டி சிகரத்தின் சரிவிலிருந்து ஏறத்தாழ 2.7 கோடி கன மீட்டர் பாறையும் பனியும் பெயர்ந்து விழுந்தன. அதில் ஐந்தில் நான்கு பங்கு பாறை. விழுந்த வேகத்தில் பனி உருகிச் சேற்று வெள்ளமாகி, கட்டப்பட்டுவந்த நீர்மின் திட்டங்களில் வேலைசெய்துகொண்டிருந்தவர்கள் உட்பட 200க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. 2023 அக்டோபர் முதல் வாரத்தில் சிக்கிமின் தெற்கு லோனாக் ஏரியில், பக்கவாட்டில் பனியாறு விட்டுச்சென்ற உறைந்த மண்மேடு சரிந்து ஏரிக்குள் விழ, எழுந்த பேரலை கரையை உடைத்தது; கீழே சுங்தாங்கில் இருந்த 1,200 மெகாவாட் தீஸ்தா-3 திட்டத்தின் அணை அடித்துச்செல்லப்பட்டது.

காரணம் வேறுபட்டால் முன்னெச்சரிக்கையும் வேறுபடும். ஏரியின் நீர்மட்டத்தைக் கண்காணிக்கும் கருவி, சரிவில் விரியும் பாறைப் பிளவைக் காட்டாது. லோனாக் ஏரி ஆபத்தானது என்று ஆய்வுகள் பல ஆண்டுகளுக்கு முன்பே எச்சரித்திருந்தன. 2016இல் குழாய்கள்மூலம் நீரை வெளியேற்றும் முயற்சியும் நடந்தது. அறிவியல் சொல்லியும் போதிய பணி நடக்காமல் உயிர்கள் போனது மிகுந்த வருத்தத்துக்குரியது. நேபாளம் த்ஸோ ரோல்பா ஏரியில் 2000லும் இம்ஜா ஏரியில் 2016லும் வடிகால் அமைத்து நீர்மட்டத்தை மூன்று மீட்டர் அளவுக்குக் குறைத்துக்காட்டியிருக்கிறது; செலவு மிகுந்ததென்றாலும் செய்யக்கூடிய வேலைதான்.

பனியாறுகளைச் செயற்கையாகக் காப்பாற்ற முடியுமா?

இமய அளவில் முடியாது. லடாக்கில் செவாங் நோர்பெல் உருவாக்கிய செயற்கைப் பனித்தேக்கங்களும், சோனம் வாங்சுக் முன்னெடுத்த கூம்பு வடிவப் பனித் தூபிகளும் குளிர்கால ஓடைநீரை உறையவைத்து விதைப்புக் காலத்தில் வயலுக்குத் தருகின்றன. ஒரு கிராமத்தின் ஏப்ரல், மே மாத நீர்த்தட்டுப்பாட்டுக்கு அவை மதிப்புமிக்க தீர்வு. பனியாற்றை மீட்பது அவற்றின் நோக்கமுமன்று, அவற்றால் இயலக்கூடியதுமன்று. பனியாற்றின் எதிர்காலம் கரிவளி வெளியேற்றத்தைப் பொறுத்தது.

தமிழ்நாட்டு மாணவர் இத்துறைக்குள் எப்படி வரலாம்?

இயற்பியல், புவியியல், நிலவியல், நீரியல், குடிசார் பொறியியல், தொலையுணர்வு (ரிமோட் சென்சிங்) என எந்தப் பாதையிலிருந்தும் வரலாம். சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் தொலையுணர்வு படிக்க வாய்ப்பு இருக்கிறது. முனைவர் பட்ட ஆய்வுக்கு டேராடூனிலுள்ள வாடியா இமயப் புவியியல் நிறுவனம், கோவாவிலுள்ள துருவ ஆராய்ச்சி மையம், டெல்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகம், பெங்களூரு இந்திய அறிவியல் கழகம் போன்ற இடங்களில் இத்துறை சார்ந்த குழுக்கள் உள்ளன. களத்துக்குச் செல்ல விரும்புவோர் உத்தரகாசியிலோ மணாலியிலோ உள்ள மலையேற்ற நிறுவனத்தில் அடிப்படைப் பயிற்சி பெறுவது நல்லது. 5,000 மீட்டரில் உடல் எப்படி நடந்துகொள்ளும் என்பதைப் பனியாற்றின் நடுவில் தெரிந்துகொள்ளக் கூடாது.

வடக்கே போகும் முன்பே தொடங்கவும் வழியுண்டு. லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்கள் 1972 முதலும், சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்கள் 2015 முதலும் இலவசமாகக் கிடைக்கின்றன. சந்திரா படுகையின் சமுத்ரா தபு பனியாற்றின் முன்னேயுள்ள ஏரியை எடுத்துக்கொண்டு, மேகமில்லாத செப்டம்பர் மாதப் படங்களை ஐந்தாண்டு இடைவெளியில் தேர்ந்து, ஏரியின் எல்லையை ஒவ்வொன்றிலும் வரைந்து பரப்பைக் கணக்கிடலாம். செப்டம்பரைத் தேர்வது முக்கியம்: மற்ற மாதங்களில் புதிய வெண்பனி எல்லைகளை மறைத்துவிடும் அல்லது ஏரி உறைந்திருக்கும். ஒரே படத்தை இருவர் தனித்தனியே வரைந்து, இருவரின் பரப்பளவும் எவ்வளவு வேறுபடுகிறது என்று பார்த்தால், அந்த அளவீட்டின் பிழை எல்லையும் கையோடு கிடைத்துவிடும்.